மேசையின் அந்தப் பக்கம்

என் அண்ணி எதையும் ஒரு முறைதான் சொல்வார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "என் நீலச் சட்டை எங்க?" என்று அண்ணன் கேட்டால், "அலமாரியின் இரண்டாம் தட்டைப் பார்க்கவும்" என்று பதில் வரும். ரயில் நிலையத்தில் வண்டி வரும் நேரத்தை அறிவிப்பார்களே, அந்தக் குரல். மறுபடி கேட்டால் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அவருக்கு நாத்தனார். குறை கண்டுபிடிப்பது எனக்குப் பிறப்புரிமை. ஆனால் கோபத்தில் வாயை மூடிக்கொள்கிறவரோடு சண்டை போடலாம், வேலைப் பழக்கத்தில் வாயை மூடிக்கொள்கிறவரோடு எப்படிப் போடுவது?

வேலை அப்படி. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் அறிவை அளப்பது. பத்து வருடத்துக்கு ஒரு முறை எல்லா நாடுகளும் இப்படி அளந்து, நாட்டுக்கு ஒரு சராசரி எண் போட்டு, வரிசையாக வெளியிடுவார்கள். போன முறை எங்கள் நாடு வரிசையின் அடிமட்டத்தில் கிடந்தது. செய்தித்தாளில் அதை முதல் பக்கத்தில் போட்டு மானத்தை வாங்கினார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வண்டியைக் கோணலாக நிறுத்துகிறவன், மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்கிறவன், எல்லோருக்கும் 'சராசரி' என்றுதான் பெயர். பேருந்து ஓட்டுகிற என் அண்ணனே முன்னால் போகிறவனைப் பார்த்து, "ஒதுங்குடா சராசரி" என்பார். பின்னால் வருகிறவன் அண்ணனைப் பார்த்தும் அதையேதான் சொல்லியிருப்பான்.

அண்ணிக்கு இந்தக் கேலி பிடிக்காது. அந்த எண்ணை அவர் மதித்தார். சின்ன வயதில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தபோது, வேண்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வறையில் ஜாடை காட்டுவதைப் பார்த்து நொந்துபோனவர். அதனால்தான் அளக்கும் வேலைக்கு ஆசைப்பட்டு வந்தார். "நிறுத்துகடிகாரத்துக்கு யாரையும் தெரியாது. அதான் எனக்கு அதைப் பிடிக்கும்" என்பார்.

தேர்வறையில் அவர் கையில் ஒரு குறிப்பு அட்டை இருக்கும். 'புத்தகத்தைத் திறக்கவும். விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கவும்.' அதில் எழுதியிருப்பதை ஒரே ஒரு முறை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படிக்க வேண்டும். பிறகு அறையின் பின்பக்கம் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் திருத்தக் கூடாது. சிரிக்கக்கூடக் கூடாது. பிள்ளைகள் அவருக்குக் கடிகாரக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் வைக்க நினைத்த பெயர்களை விட அது நல்ல பெயர்தான்.

இந்த முறை அளவெடுப்பில் ரயில் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பின் பள்ளி அண்ணியின் பங்குக்கு வந்தது. பட்டறைத் தொழிலாளிகளின் பிள்ளைகள், சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். ஒரே பெரிய அறை, ஒரே வாத்தியார். அண்ணி உள்ளே நுழையும்போதே வாத்தியார் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"மேடம், பள்ளியோட சராசரி அவங்க போட்டிருக்கிற கோட்டுக்குக் கீழ போனா இங்க மேல் வகுப்பு கிடையாதாம். பத்து வயசோட நிறுத்திட்டுக் கைவேலை கத்துக்க அனுப்பிடுவாங்களாம். ஓலை வந்திருக்கு."

"நான் அளக்கத்தான் வந்திருக்கேன் சார்" என்றார் அண்ணி.

மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, பிள்ளைகளைத் தரையில் இடம் விட்டு விட்டு உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு படப்புத்தகம், பக்கத்துக்கு ஒரு படம், மேல் விளிம்பில் ஒரு நீலக்கோடு. அதில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை, எல்லாம் கோலங்களும் கட்டங்களும். எந்த மொழிக்காரப் பிள்ளையும் எழுதலாம் என்பதற்காக அப்படி. ஒவ்வொரு படத்திலும் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். கீழே ஆறு துண்டுகள் வரிசையாக இருக்கும். எந்தத் துண்டு பொருந்துமோ, விடைத்தாளில் அதே வரிசையில் இருக்கும் கட்டத்தில் குறி போட வேண்டும். விடைத்தாள் ஒரு பலகையில் கிளிப் போட்டு மடியில் இருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணி பையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "பாவம், புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியல. பாதிப் பிள்ளைங்க தலைகீழாப் பிடிச்சிருக்காங்க" என்றார்.

"சொல்லித் தர்றதுதானே அண்ணி?"

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

விடைத்தாள்களை வீட்டில் வைத்துத்தான் திருத்துவார். அதற்கென்று துளை போட்ட அட்டை ஒன்று உண்டு. தாளின் மேல் வைத்தால், சரியான விடைக்கு மேலே மட்டும் துளை இருக்கும். துளைக்குள் குறி தெரிந்தால் மதிப்பெண். அன்று சாயங்காலம் அண்ணி திருத்திக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியதை நான் பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் சுமாராக எழுதியிருந்தார்கள். மீதிப் பாதி முட்டை. ஒன்றிரண்டு மதிப்பெண் இல்லை, சுத்தமான முட்டை. பள்ளியின் சராசரி கோட்டுக்குக் கீழே, எட்டிப் பார்த்தாலும் தெரியாத ஆழத்தில் போய் விழுந்தது.

"அந்தக் குடியிருப்புல வேற என்ன வரும்" என்றார் அண்ணன், சாப்பிட்டுக்கொண்டே. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அண்ணி தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கண்ணை மூடிக்கிட்டுக் குறி போட்டாக்கூட ஆறுல ஒண்ணாவது சரியா விழும். எதுவுமே தெரியாத பிள்ளைக்கு முட்டை வராதுங்க. முட்டை வாங்கணும்னா சரியான விடை எதுன்னு தெரிஞ்சு, அதை ஒதுக்கி ஒதுக்கிப் போடணும்."

"வேணும்னே தப்பாப் போட்டாங்களா?"

"எதுக்குப் போடுவாங்க?"

அந்தக் கேள்வியோடு அண்ணி இரண்டு நாள் நடமாடினார். சோறு குழைந்தது, பால் பொங்கி வழிந்தது, நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிவை அனுப்பும் வரை அளந்த பள்ளிக்கு மறுபடி போகக் கூடாது என்று விதி. விதியை மீறுவது அண்ணிக்கு எப்படி என்றால், எனக்கு அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்காமல் இருப்பது மாதிரி, உடம்பு ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் வாராந்திர விடுமுறையன்று என்னைக் கூப்பிட்டார். "வர்றியா? துணைக்கு." எங்கள் தையல் கடைக்கும் அன்று விடுமுறை, அந்தப் பள்ளிக்கு மட்டும் விடுமுறை வேறு நாள். போனேன்.

பள்ளிக்குள் கால் வைத்ததும் அண்ணி நின்றுவிட்டார். மேசைகள் இப்போது சுவரோரம் இல்லை, அறை முழுக்கப் போட்டிருந்தார்கள். ஒரு மேசைக்கு நான்கு பிள்ளைகள், இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். நடுவில் ஒரே ஒரு பாடப் புத்தகம் விரித்துக் கிடந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் நேராக இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி ஆடுவதால் எல்லோரும் பம்பரம் என்று கூப்பிடுகிற பெண், பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் வலமிருந்து இடமாக ஓடியது. கீழ்வரியில் தொடங்கி மேலே போனது. நமக்குத் தலைகீழ், அவளுக்கு அதுதான் நேர். ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை.

அண்ணி பக்கத்தில் போய்ப் புத்தகத்தை மெல்லத் திருப்பி அவளுக்கு நேராக வைத்தார். "இப்பப் படிம்மா."

பம்பரம் புத்தகத்தைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித் தட்டுத் தடுமாறி இரண்டு சொல் படித்தாள். பிறகு, "இது தலைகீழா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பழையபடி திருப்பிக்கொண்டாள்.

வாத்தியார் கரும்பலகையை விட்டுவிட்டு வந்தார். "இடத்தை மாத்தி உக்கார வைக்கறதில்லையா சார்?" என்று அண்ணி கேட்டார்.

"இல்ல மேடம். இடத்துக்கு ஒரே அடிதடி. அதனால சேர்ந்த அன்னைக்கு உக்காந்த இடம்தான் கடைசி வரைக்கும்னு நான்தான் வெச்சேன். எல்லாரும் நல்லாத்தானே படிக்கறாங்க." அவர் பம்பரத்தின் புத்தகத்தையே பார்த்தார். "எழுதறது அவங்கவங்க சிலேட்டுல, நேராத்தான் எழுதுவாங்க. ஆனா தனியா ஒரு புத்தகத்தைக் கையில குடுத்து நான் பார்த்ததே இல்ல மேடம். குடுக்கறதுக்குப் புத்தகம் ஏது?"

அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மதியம் பம்பரம் எங்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சலவைக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய அம்மா அங்கே இஸ்திரி போடுகிறவர். நீராவியும் சோப்பு வாசனையும் அடைத்துக்கொண்டிருந்த நீளமான கூடத்தில், கடைசி மேசை அவருடையது. இஸ்திரிக்கார அம்மா கையை நிறுத்தாமல் பேசினார்.

"மேல் வகுப்பு இல்லன்னா இங்கயே நிக்க வெச்சுக்குவேன்மா. பக்கத்து மேசையைக் கேட்டு வெச்சிருக்கேன். உயரம்தான் இன்னும் எட்டல, ஒரு பலகை போட்டா எட்டும்." சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தார். "எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. இது மூட்டையில இருக்கிற சீட்டையெல்லாம் படிச்சுச் சொல்லும். நல்லாத்தான் படிக்குதுன்னு நினைச்சேன். மக்குன்னு அளந்து சொல்லிட்டாங்கன்னா, அப்ப எனக்குத் தெரியலைன்னுதானே அர்த்தம்?"

அண்ணி திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முட்டைத் தாள்களை எடுத்தார். பம்பரத்தின் தாளை மேசையில் வைத்தார். துளை அட்டையைப் பக்கவாட்டில் புரட்டி, பின்பக்கம் மேலே வரும்படி வைத்தார். புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் ஆறாவது துண்டு முதலில் வரும், முதல் துண்டு கடைசிக்குப் போகும். எங்கள் கடையில் அளவு அட்டையைப் புரட்டி வைத்துத் துணி வெட்டினால் சட்டைக்கு இரண்டும் இடது கையாக வந்து சேரும், அந்தக் கதைதான். ஒரு துளையில் குறி தெரிந்தது. அடுத்த துளையிலும் தெரிந்தது. அதற்கடுத்த துளையிலும். கடைசியில் இருந்த கஷ்டமான நாலைந்து படங்களைத் தவிர எல்லாத் துளையிலும் குறி இருந்தது.

அண்ணி நாற்காலியில் சாய்ந்தார். "புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியலைன்னு சொன்னேன் இல்ல?" என்றார். "என் வாயை என்ன பண்றது."

"அட்டையில புத்தகத்தை நேரா வெச்சுக்கோன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே அண்ணி?"

"அட்டையை எழுதினவங்க வீட்டுல ஆளுக்கொரு புத்தகம் இருந்திருக்கும். அவங்களுக்கு எப்படித் தோணும்?"

மறுநாள் பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனார். விடுமுறையில் பள்ளிக்குப் போனதையும் மறைக்காமல் முதலில் சொல்லிவிட்டார். அண்ணியால் மறைக்க முடியாது, அதற்கும் ஏதாவது விதி இருக்கும். அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் நாற்காலி பெரியது. தாள்களைப் பார்த்தார், புரட்டிய அட்டையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு பள்ளிக்காக நான் அட்டையைப் புரட்டினா, நாளைக்கு நாட்டுல இருக்கிற எல்லாப் பள்ளியும் புரட்டச் சொல்லும்."

"அட்டையைப் புரட்ட வேண்டாம் சார். மறுபடி அளக்கணும். குறிப்பு அட்டையில ஒரு வாக்கியம் மட்டும் சேக்கணும். 'புத்தகத்தின் நீலக்கோடு மேல்பக்கம் இருக்கட்டும்.' அவ்வளவுதான்."

அதிகாரி அண்ணியையே பார்த்தாராம். இத்தனை வருடத்தில், பிள்ளை தும்மினால்கூட ஒரு சொல் பேசாதவர் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்கிறார். பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "போன தடவை... இந்த மாதிரி ஒரு புத்தகத்துக்கு நாலு பேர் படிக்கிற பள்ளிகள் எத்தனை இருந்திருக்கும்?"

"தெரியாது சார். நாம கேக்கவே இல்லையே."

"நாட்டோட எண்ணையே உலகத்துக்கு அனுப்பிட்டோம்."

"ஆமா சார்."

பதில் வர நாளாயிற்று. அண்ணிக்கு வேலை போகும் என்று அண்ணன் புலம்பினார். அண்ணி தினமும் தபால்காரரைப் பார்த்து வாசலில் நின்றார். கடைசியில் அனுமதி வந்தது. மறுபடி அளக்கலாம், வாக்கியத்தைச் சேர்க்கலாம். ஆனால் விதி மீறிய அண்ணி அறைக்குள் போகக் கூடாது, வேறொருவர் அளப்பார். அண்ணி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நியாயம்தான்" என்றார்.

இடைப்பட்ட நாட்களில் வாத்தியார் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்திருந்தார். அழுகை, அடிதடி, எல்லாம் நடந்ததாம். அளக்கிற நாளன்று அண்ணி சலவைக்கூடத்தில் போய் உட்கார்ந்தார், நானும் கூட இருந்தேன். இஸ்திரிக்கார அம்மா ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தார்.

"தேறுமாம்மா?" என்று கேட்டார்.

"தேறணும். தெரியல" என்றார் அண்ணி.

கொஞ்ச நேரம் கழித்து, "தேறுமாம்மா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். "தேறணும். தெரியல" என்றார் மறுபடி. அந்தக் காலை முழுக்க அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்க்காத அண்ணி அவர். எனக்கு அவரை அன்றுதான் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. நேராகப் பிடித்த புத்தகத்தில் பிள்ளைகள் கொஞ்சம் திணறினார்கள். பம்பரமே முன்பு புரட்டிய அட்டையில் வாங்கியதை விடக் குறைவாகத்தான் வாங்கினாள். பள்ளியின் சராசரி நாட்டின் சராசரிக்குக் கீழேதான் நின்றது. ஆனால் கோட்டுக்கு மேலே நின்றது. மேல் வகுப்புக்கு ஒரு அறை கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். வாத்தியாருக்குத் துணையாக இன்னொரு ஆசிரியை வந்தார். புத்தகம் ஆளுக்கொன்று வரவில்லை, இரண்டு பேருக்கு ஒன்று வந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் உட்காரலாம்.

இப்போது அளக்கப் போகிறவர்கள், ஒரு புத்தகத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது விதி. சில பள்ளிகளில் மறுபடி அளந்தார்கள். நாட்டின் எண் கொஞ்சம் ஏறியது. செய்தித்தாளில் அதை உள்பக்கத்தில், கல்யாண மண்டப விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள்.

"அப்ப நம்மளுக்கெல்லாம் மூளை வளந்திருச்சா?" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு இல்ல" என்றார் அண்ணி.

மேல் வகுப்பு தொடங்கிச் சில மாதம் கழித்து, எங்கள் வீட்டு உருப்படிகளை இஸ்திரிக்குப் போட்டிருந்தோம். வாங்கி வர நானும் அண்ணியும் சாயங்காலம் சலவைக்கூடத்துக்குப் போனோம். கடைசி மேசையில் இஸ்திரிக்கார அம்மா தேய்த்துக்கொண்டிருந்தார். மேசையின் அந்தப் பக்கம், ஒரு பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டு, பம்பரம். நடுவில் பள்ளியில் கழித்துக் கொடுத்த பழைய முதல் வகுப்புப் பாடப் புத்தகம் விரித்துக் கிடந்தது. புத்தகம் அம்மாவுக்கு நேராக இருந்தது.

பம்பரம் எதிரிலிருந்து விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்தாள், அதாவது அவளுக்கு மேலே. அம்மா தேய்த்துக்கொண்டே சொன்னார். தப்பு வந்தால் பம்பரம் தலையாட்டினாள். கற்றுக்கொடுக்கிற மற்றவர்களால் பக்கத்தில் உட்கார்ந்து தோளை உரசிக்கொண்டுதான் கற்றுக்கொடுக்க முடியும். இஸ்திரி மேசையில் பக்கத்தில் நிற்க இடமில்லை, கை சுட்டுவிடும். எதிரில் நின்று, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தலைகீழாகக் கிடக்கிற புத்தகத்தைத் தடுக்காமல் படிக்க அந்தக் கூடத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

நாங்கள் வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. அம்மா ஒரு வரியில் நின்றார். உதடு அசைந்தது. பம்பரம் விரலை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அம்மா முதல் எழுத்தைப் பிடித்தார், இரண்டாவதைப் பிடித்தார், எல்லாவற்றையும் சேர்த்தார்.

"மழை வந்தது. மாடு... மாடு வீட்டுக்கு ஓடியது" என்றார். பிறகு யாரிடம் என்று இல்லாமல், "நானே படிச்சேன்" என்றார்.

அப்போதுதான் கருகல் வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் முதுகில் வைத்தபடி மறந்திருந்தார். பதறித் தூக்கினார். பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. யாருடைய சட்டை என்று எட்டிப் பார்த்தேன். நீலச் சட்டை, எங்கள் அண்ணனுடையது.

இஸ்திரிக்கார அம்மா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அண்ணி சட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இருக்கட்டும். அந்த வரியை இன்னொரு தடவை படிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வழக்கம் போலக் கேட்டார். "என் நீலச் சட்டை எங்க?"

அண்ணி அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மேசை, பலகை, மழை, மாடு, கருகல், ஒன்று விடாமல். அண்ணன் கருகிய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "தலைகீழாவா படிச்சா? எப்படி?" என்றார்.

அண்ணி மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.